க்ளட்ச் பிளேட்டும் இரண்டு சட்டங்களும்

புனேயிலிருந்து சதாரா போகிற பழைய ரோட்டில், காத்ரஜ் காட் ஏறும்போதுதான் முதலில் தெரிந்தது. மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி அதற்கேற்ற மாதிரி நகர மாட்டேன் என்கிறது. கொஞ்ச நேரத்தில் கருகின நாற்றம் வேறு. கார் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, க்ளட்ச் ஸ்லிப். கடுப்பு எதனால் என்றால், க்ளட்ச் மாற்றி சரியாக 23 நாள்தான் ஆகியிருந்தது. க்ளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்த செட்டும் லேபரும் சேர்த்து 11,400 ரூபாய் கொடுத்திருந்தேன்.

மறுநாள் காலையில் அதே ஒர்க்ஷாப்புக்குப் போனேன். ஓனருக்கு ஐம்பது வயது இருக்கும். பழக்கமானவர்தான். நான் அவரை 'பாவு' என்பேன், அவர் என்னை 'அண்ணா' என்பார் (இங்கே தெற்கிலிருந்து வந்தவர்கள் எல்லோருமே அண்ணாதான்). மூன்று பதில் சொன்னார்.

ஒன்று: "நீங்க க்ளட்ச் மேலேயே காலை வெச்சு ஓட்டறீங்க அண்ணா."

இரண்டு: "பார்ட் கம்பெனி மால். அதுக்கு நான் என்ன செய்ய?"

மூன்று: "கியர்பாக்ஸை இறக்கினாத்தான் தெரியும். லேபர் தனி."

பார்த்துச் சொல்லுங்கள் என்று வண்டியை விட்டுவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து, வேறு இடத்தில் காட்டலாம் என்று வண்டியை எடுக்கப் போனால் கியர்பாக்ஸ் தரையில் கிடக்கிறது. "3,500 ரூபாய் லேபர் கட்டிட்டு எடுத்துட்டுப் போங்க. அதுவரைக்கும் வண்டி இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

என் வண்டி. அவர் கெடுத்தது என்று நான் நினைக்கும் வேலை. அதைத் திறந்து பார்த்ததற்கு என்னிடமே காசு, காசு வரும்வரை வண்டியே பிணை. இப்படிச் செய்ய அவருக்கு உரிமை உண்டா? அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். நான் வக்கீல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

* * *

முதல் அதிர்ச்சி: உரிமை உண்டு! அதுவும் கார் என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பிருந்தே உண்டு.

கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு ஜெர்மனியில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1886 ஜனவரியில். அதற்கு 14 வருஷம் முன்பே, 1872 செப்டம்பர் 1-ம் தேதி, இந்திய ஒப்பந்தச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. இன்றுவரை அதே சட்டம்தான். அதில் 148-வது பிரிவிலிருந்து 'ஒப்படைப்பு' பற்றிய விதிகள் வருகின்றன. ஒரு காரியத்துக்காக ஒருவரிடம் பொருளைக் கொடுக்கிறோம், காரியம் முடிந்ததும் திருப்பித் தரவேண்டும். டெய்லரிடம் துணி, தட்டானிடம் நகை, மெக்கானிக்கிடம் கார், எல்லாமே சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். வாங்கிக்கொண்டவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151-வது பிரிவு.

170-வது பிரிவுதான் என் வண்டி மாட்டிக்கொண்ட இடம். ஒப்படைத்த பொருளில் உழைப்போ திறமையோ செலவழித்து வேலை செய்தவர், கூலி கைக்கு வரும்வரை பொருளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். சட்டத் தமிழில் இதற்குப் 'பற்றுரிமை' என்று பெயர். சட்டமே இரண்டு உதாரணம் கொடுக்கிறது. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தை, தீட்டி முடித்தபின் கூலி வரும்வரை நகைக்காரர் தராமல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கோட்டு தைத்து முடித்தவுடன் தருகிறேன், மூன்று மாதம் கடன் தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட டெய்லர், கோட்டைப் பிடித்து வைக்க முடியாது.

அடுத்த பிரிவு இன்னும் சுவாரசியம். 171-ன்படி எந்தப் பாக்கிக்காகவும் பொருளைப் பிடித்து வைக்கும் பொதுவான உரிமை, பேங்க்காரர்கள், துறைமுகக் கிடங்குக்காரர்கள், ஹைகோர்ட் வக்கீல்கள் மாதிரி ஒரு சிலருக்கு மட்டும்தான். தனியாக ஒப்பந்தம் இருந்தாலொழிய மெக்கானிக்குக் கிடையாது. அதாவது போன வருஷத்து டயர் பாக்கிக்காக இந்த வருஷம் க்ளட்சுக்கு விட்ட காரைப் பிடித்து வைக்க முடியாது.

இங்கிலாந்தில் இந்த விஷயம் கார் வந்த கொஞ்ச காலத்திலேயே கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. 1915-ல் ஹாட்டன் என்பவர் தன் காரைப் பராமரிக்க ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருந்தார். பாக்கி விழுந்ததும் கம்பெனி காரை வைத்துக்கொண்டது. தீர்ப்பு கம்பெனிக்கு எதிராகப் போனது. பொருளை மேம்படுத்தினால்தான் அங்கே பற்றுரிமை. இருக்கிற நிலையில் வைத்திருப்பது மேம்படுத்தல் ஆகாது, அதுவும் உரிமையாளர் நினைத்தபோது எடுத்துப்போகக்கூடிய வண்டிக்குப் பிடிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டது கோர்ட்.

நம் 170-வது பிரிவில் 'மேம்படுத்தல்' என்ற சொல் இல்லை. அதற்குப் பதில், ஒப்படைத்த நோக்கத்துக்கு ஏற்ப வேலை செய்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்த இடத்தை நான்கு தடவை படித்தேன். நான் வண்டியைக் கொடுத்த நோக்கம் க்ளட்ச் பிடிக்க வேண்டும் என்பது. க்ளட்ச் பிடிக்கவில்லை. அப்படியானால் நோக்கம் நிறைவேறாத வேலையைச் சரிபார்த்ததற்கு எப்படிக் கூலி, எப்படிப் பற்றுரிமை?

வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. எங்கே போய்ச் சொல்வது? சிவில் கோர்ட்டில். 3,500 ரூபாய்க்கு!

* * *

ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைமை இதுதான். வேலை செய்தவர் கையில் பொருளே இருக்கிறது. கொடுத்தவர் கையில் வழக்குப் போடும் உரிமை மட்டும். 1930-ல் வந்த சரக்கு விற்பனைச் சட்டமும் 'வாங்குபவனே பார்த்து வாங்கு' என்பதைத்தான் அடிப்படையாக வைத்துச் சில விலக்குகள் கொடுத்தது. அதுவும் சரக்குக்குத்தான், ரிப்பேர் வேலைக்கு இல்லை.

ஏன் யாரும் சண்டை போடவில்லை என்று யோசித்தால் கார்களின் கதைக்குள் போகவேண்டியிருக்கிறது. சுதந்திரத்துக்குப் பின் பல வருஷம் நம்மிடம் இருந்தவை மூன்றே வகை. உத்தர்பாராவில் செய்த அம்பாசிடர், பம்பாய் குர்லாவில் செய்த ஃபியட் (பின்னால் பத்மினி), சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட். 1959-ல் கார்களை யாருக்கு எப்படி விற்கலாம் என்பதற்கே அரசு கட்டுப்பாட்டு ஆணை போட்டது. பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதே புனேயின் ஆகுர்டியில் தயாரான பஜாஜ் ஸ்கூட்டருக்கும் அதே கதைதான். அவ்வளவு காத்திருந்து கிடைத்த வண்டியை யாரும் சீக்கிரம் மாற்ற மாட்டார்கள். இருபது வருஷம், முப்பது வருஷம் ஓட்ட வேண்டும். ஓட்ட வைப்பவர் மெக்கானிக். அவரைப் பகைத்துக்கொள்ள முடியுமா?

மதுரையில் அப்பா ஒரு பழைய பத்மினி வைத்திருந்தார். அதற்கு ஒரு பாய் இருந்தார். வண்டி எங்கே நின்றாலும் பாய்க்கு ஆள் போகும். பாய் சொன்னதுதான் வியாதி, பாய் சொன்னதுதான் மருந்து. ஒரே வேலையை மூன்று தடவை செய்ததும் உண்டு. மூன்றாவது தடவைக்குக் காசு வாங்காமல் போனதும் உண்டு. கணக்கு முழுக்க இரண்டு பேர் மனசில்தான் இருந்தது.

அந்த 'க்ளட்ச் மேல கால்' குற்றச்சாட்டுக்கும் அங்கேதான் வேர். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியில் வந்த அம்பாசிடரில் ரிலீஸ் பேரிங் என்பது உருண்டைகள் போட்ட பேரிங் இல்லை, ஒரு கார்பன் வளையம். பெடலில் கால் பட்டுக்கொண்டே இருந்தால் அது உரசி உரசித் தேயும். அதனால் 'சும்மா க்ளட்ச்சில் காலை வைக்காதே' என்பது டிரைவர்களுக்கு வேத வாக்கு. இப்போதைய வண்டிகளில் கார்பன் வளையம் போய் பால் பேரிங் வந்துவிட்டது. கால் வைத்து ஓட்டினால் இன்றும் கெடுதல்தான், ஆனால் 23 நாளில் புது பிளேட் காலியாகாது. வண்டி மாறியபிறகும் பழைய பதில் மட்டும் ஒர்க்ஷாப்பை விட்டுப் போகவில்லை :-)

* * *

இன்னொரு பக்கம், வாங்குகிறவர்கள் மெதுவாக ஒன்று சேர ஆரம்பித்திருந்தார்கள். 1962 மார்ச் 15-ம் தேதி அமெரிக்க அதிபர் கென்னடி, நுகர்வோருக்குப் பாதுகாப்பு, தகவல், தேர்வு, குரல் என்று நான்கு உரிமைகள் உண்டு என்று அவர்கள் நாட்டுக் காங்கிரசுக்குச் செய்தி அனுப்பினார். 1966-ல் பம்பாயில் சில பெண்கள் சேர்ந்து இந்திய நுகர்வோர் வழிகாட்டிச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். 1974-ல் பிந்துமாதவ் ஜோஷி இங்கே புனேயில் கிராஹக் பஞ்சாயத்தைத் தொடங்கினார். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. 1978-ல் அகமதாபாத்தில் மனுபாய் ஷா நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையத்தை நிறுவினார்.

1985 ஏப்ரலில் ஐ.நா. பொதுச்சபை நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகளை ஏற்றுக்கொண்டது. அடுத்த வருஷம், ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1986 டிசம்பர் 24-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். பென்ஸ் விண்ணப்பித்துச் சரியாக நூறாவது வருஷம்.

இந்தச் சட்டத்தில் மூன்று விஷயம் எனக்கு முக்கியமாகப் பட்டது. முதலாவது, பொருளோடு 'சேவை'யும் உள்ளே வந்தது. செய்யும் வேலையின் தரத்திலோ தன்மையிலோ முறையிலோ இருக்கிற எந்தத் தவறும் குறைதான். இரண்டாவது, மாவட்டம், மாநிலம், தேசம் என்று மூன்று அடுக்கு. வக்கீல் இல்லாமல் நாமே போய் நிற்கலாம். ஆரம்பத்தில் கட்டணமே கிடையாது. மூன்றாவது, மாவட்ட மன்றத்தின் மூவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். வீட்டுக்குச் சாமான் வாங்குகிறவர் தீர்ப்பு சொல்லும் இடத்திலும் இருக்கட்டும் என்ற எண்ணமாக இருக்கலாம்.

சட்டம் வந்ததும் மன்றங்கள் வந்துவிடவில்லை. மாநிலங்கள் இழுத்தடித்தன. எச்.டி. ஷோரியின் 'காமன் காஸ்' அமைப்பு உச்சநீதிமன்றம் வரை போய், மாவட்ட மன்றங்களை அமையுங்கள் என்று உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. அதன்பின் தீர்ப்புகள் வரிசையாக வந்தன. 1993-ல் வீட்டு வசதி வாரியம் போன்ற அரசு அமைப்புகளும் உள்ளே என்றது லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கு. 1995-ல் டாக்டர்களும் உள்ளே.

அதே 1995-ல் வந்த இன்னொரு தீர்ப்பில் நம் ஊர் ஒன்று வருகிறது. மகாராஷ்டிரத்தின் லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ், கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிலையத்திடம் ஒரு கடைசல் இயந்திரம் வாங்கியது. தாமதம், குறைபாடு என்று புகார். வியாபாரத்துக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று கடைசியில் தள்ளுபடி ஆனது. ஆனால் அதே தீர்ப்பில்தான், தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குகிறவர் நுகர்வோர்தான் என்று உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. யோசித்துப் பாருங்கள். க்ளட்ச் போனால் எனக்கு ஒரு வாரம் பஸ். ஆட்டோக்காரருக்கு ஒரு வாரம் அடுப்பு எரியாது. அவருக்கு அந்தக் கதவு திறந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

1986 சட்டத்துக்குப் பதில் வந்த 2019 சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது. நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், இணையத்திலும் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 1915 என்ற உதவி எண் இருக்கிறது. பில் தராமல் இருப்பதே நேர்மையற்ற வணிக முறை என்று சேர்த்திருக்கிறார்கள். ஆனால் ஒன்று மாறவில்லை: குறை இருந்தது என்று காட்ட வேண்டியது புகார் கொடுப்பவர்தான்.

* * *

அங்கேதான் எனக்கு உதைத்தது. என்னிடம் என்ன இருக்கிறது காட்ட?

காலையில் பார்க்கிங்கில் உட்கார்ந்து, வண்டியிலிருந்து எடுத்து வந்திருந்த பேப்பர்களைக் கிளறினேன். இன்ஷூரன்ஸ், டோல் ரசீது, நடுவில் மஞ்சள் கலரில் ஜாப் கார்டின் கார்பன் காப்பி. முதல் நாள் நான் சொன்ன புகார்களைப் பாவுவே தன் கையெழுத்தில் மராத்தியில் எழுதியிருந்தார். முதல் வரி: க்ளட்ச் ஹார்ட். இரண்டாவது வரி: ஆயில் லீக், செக்.

மறந்தே போயிருந்தேன்! க்ளட்ச் மாற்றுவதற்கு முன்பே தரையில் எண்ணெய்ச் சொட்டு இருந்தது, சொல்லியும் இருந்தேன். கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கம், ஃப்ளைவீலுக்குப் பின்னால் ஒரு ஆயில் சீல் உண்டு. சில நூறு ரூபாய் சமாசாரம். ஆனால் கியர்பாக்ஸ், க்ளட்ச் எல்லாம் கழற்றினால்தான் கை போகும். அதனால் க்ளட்ச் மாற்றும்போதே அதைப் பார்ப்பதுதான் வழக்கம். கசிந்தால் எண்ணெய் தெறித்துப் பிளேட்டில் படும், பிளேட் வழுக்கும்.

ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். தேதிகள், தொகை, ஜாப் கார்டின் இரண்டாவது வரி. மூன்று கோரிக்கை: என் முன்னால் பிளேட்டைக் கழற்றிக் காட்ட வேண்டும், கழற்றிய பாகங்களை என்னிடம் தரவேண்டும், குறை முதல் வேலையில் இருந்தால் லேபர் கேட்கக்கூடாது. பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று கடைசி வரி. பதிவுத் தபாலில் ஒன்று, கையில் ஒன்று.

பாவு படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். பையனைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னார்.

கால் வைத்து ஓட்டியதால் தேய்ந்த பிளேட் என்றால் ஃபேசிங் மெலிந்து ரிவெட் தெரியும் அளவுக்கு வந்திருக்க வேண்டும். இது புதுசு மாதிரியே தடிமனாக இருந்தது. ஆனால் முகம் முழுக்கக் கறுப்பு, எண்ணெய் கருகின பளபளப்பு. பின்னால் சீலைச் சுற்றி ஈரம். யாரும் எதுவும் பேசவில்லை. கழற்றிய பையனுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். அன்று க்ளட்ச் மாட்டியதும் அவன்தான் போலிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"பார்த்திருக்கணும் அண்ணா" என்றார் பாவு. "அன்னிக்கு மூணு வண்டி. நான் ஸ்பேர் வாங்க நானா பேட் போயிட்டேன்."

முடிவு இதுதான். 3,500 போச்சு. இரண்டாவது தடவை மாட்டுவதற்கும் லேபர் இல்லை. புதுப் பிளேட் அவர் செலவு. ஆயில் சீல் என் செலவு, முதல் பில்லில் அது இல்லை என்பதால் நியாயம் என்று பட்டது. நாலு நாள் ஆட்டோவுக்குக் கொடுத்த காசை நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், சட்டப்படி இடமும் உண்டு. அந்தப் பையன் நின்ற நிற்பைப் பார்த்ததும் வாய் வரவில்லை. சரியா தவறா, தெரியாது. கிளம்பும்போது ஒன்று மட்டும் கேட்டேன், "அவன் சம்பளத்துல பிடிக்காதீங்க பாவு." தலையாட்டினார்.

ஆணையத்துக்குப் போயிருந்தால் ஜெயித்திருப்பேனா? இருக்கலாம். ஆனால் மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறை அப்படி இல்லை. 2021-ல் ஆணையங்களில் காலியிடங்களை நிரப்பாததைப் பற்றி உச்சநீதிமன்றமே தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் அப்படி ஒரு இடம் இருக்கிறது என்பதுதான் பாவுவை இரண்டாவது தடவை படிக்க வைத்தது. 1872-ல் வேலை செய்தவர் கையில் ஒரு பிடி கொடுத்தார்கள். கொடுத்தவர் கைக்கு இன்னொரு பிடி வர 114 வருஷம் ஆனது. அதற்கும் அந்த மஞ்சள் பேப்பர் வேண்டும்.

ராத்திரி அப்பாவிடம் போனில் முழுக்கதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "பாய்கிட்ட ஒரு தடவைகூட பில் வாங்கினதில்லேடா" என்றார் பெருமையாக.

"அவர் ஏமாத்தினதே இல்லையாப்பா?"

கொஞ்சம் யோசித்தார். "தெரியலையே. தெரியறதுக்கு வழியும் இல்லையே."

அந்த மஞ்சள் பேப்பரை இன்ஷூரன்சோடு சேர்த்துப் பின் அடித்து வைத்திருக்கிறேன். நீங்களும் வண்டி விடும்போது ஜாப் கார்டு கேளுங்கள். நீங்கள் சொன்ன எல்லாப் புகாரும் அதில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். பழக்கமானவர்தானே என்று கூச்சப்படாதீர்கள். அடுத்த தடவையும் அவரிடமே போகப் போகிறவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை. நான் போகத்தான் போகிறேன்.